ஒரு லீட்டர் தண்ணீருக்கு இருநூறு மரம்

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவனுக்கு நோயோடு மல்லுக்கட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, நோயாளி வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருக்கும் வைத்தியத்தோடு மல்லுக்கட்டுவது. "ஊசி இல்லீங்களா?" என்ற கேள்வியை நாளுக்கு நாற்பது தடவை கேட்டுப் பழகிய சகபாடிகள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

நான் கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது யட்டியாந்தோட்டைக்கு மேலே, மலையில் தேயிலையும் சரிவில் றப்பரும் உள்ள ஒரு தோட்டத்தில் மருத்துவ உதவியாளன். டாக்டர் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் 'டாக்டரையா'. திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன். எனக்கு ஒரு பலவீனம் உண்டு. படிக்கிற காலத்தில் கலம், அதாவது செல், என்ற பாடத்தில் கிறங்கிப் போனவன் நான். உடம்பில் உள்ள கோடிக்கணக்கான கலங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்று அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. எந்த நோயைப் பார்த்தாலும் என் புத்தி அந்தச் சவ்வில் போய்த்தான் நிற்கும். கேட்க ஓர் ஆள் அகப்பட்டால் விளக்காமல் விடமாட்டேன்.

இந்த வருட மழையில் கீழ்ப் பிரிவு லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் அந்த நீள வரிசை வீடுகளில், வயிற்றுப்போக்கு பரவியது. அதில் கவி என்ற மூன்று வயதுப் பிள்ளை பிழைப்பாளா மாட்டாளா என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் எனக்கே நிச்சயமில்லாமல் இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால், நான் யார் யாரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

பொரித்த முட்டை

வேலையில் சேர்ந்த புதிதில் பெரிய காகிதத்தில் ஒரு கலத்தின் படம் வரைந்து, நோயாளிகள் உட்காரும் வாங்குக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். சுற்றிலும் வெள்ளை, நடுவில் ஒரு வட்டம், உள்ளே போகிற அம்புக்குறிகள், வெளியே வருகிற அம்புக்குறிகள். அன்றைக்குக் கையில் இருந்தது மஞ்சள் பென்சில்தான். நடு வட்டத்துக்கு அதையே தீட்டிவிட்டேன்.

என்னோடு வேலை செய்கிறவர் லெச்சுமி அக்கா. காயத்துக்கு மருந்து கட்டுவது, துண்டுச்சீட்டு எழுதுவது, நான் அதிகம் பேசினால் இருமுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அந்தப் படத்தைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார். ஏன் என்றேன்.

"வெறும் வயித்தோட வர்ற பிள்ளைங்க எல்லாம் அதப் பாத்துப்புட்டு முட்டை வேணும்னு அழுவுதுங்க ஐயா. மருந்து குடுக்கிற எடத்துல எதுக்கு இந்தச் சாப்பாட்டுக்கட வேல?"

அட்டைக்கு உப்பு

ராமாயிக்கு ஐம்பது வயதுக்கு மேல். கொழுந்தெடுக்கிறவர். கீழ்ப் பிரிவு லயத்தில் யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் முதல் அபிப்பிராயம் அவருடையது; இரண்டாவதுதான் என்னுடையது. அவருக்கு பிரஷர் உண்டு. மாதம் ஒரு தடவை வந்து கையை நீட்டுவார். நான் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு, உப்பைக் குறையுங்கள் என்பேன். அவர் சரி என்பார். அடுத்த மாதம் மறுபடியும் அதே வசனம்.

ஒரு மழை நாளில் நான் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கணுக்காலில் ஓர் அட்டை தடித்துப்போய்த் தொங்குவதைக் கண்டேன். எங்கள் பக்கத்து மலைகளில் மழை விழுந்தால் அட்டைக்குக் குறைவே இல்லை. ராமாயி பதறவில்லை. இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து, ஈரமாக்கி, அட்டையின் மேல் ஓர் ஒற்று ஒற்றினார். அது சுருண்டு விழுந்தது. முடிச்சில் இருந்தது உப்பு. எனக்குக் கை பரபரத்துவிட்டது. அட்டையின் தோலுக்கு வெளியே உப்பு கூடிவிட்டால் உள்ளேயிருக்கும் கலங்களிலிருந்து தண்ணீர் சவ்வைத் தாண்டி வெளியே ஓடிவரும், அதனால்தான் அது வற்றிச் சுருங்குகிறது, கடித்ததால் வந்த கோபம் உப்புக்கு இல்லை என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். லெச்சுமி அக்கா இரண்டு தடவை இருமினார். ராமாயி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்பிடீன்னா எனக்கு மட்டும் ஏன் உப்பு ஆகாதுங்கிறீங்க? அட்டை மாதிரி நானும் கொஞ்சம் சுருங்கினா நல்லதுதானுங்களே ஐயா, போன வருசத்து ரவுக்க ஒண்ணும் பத்தமாட்டேங்குது."

போத்தல் தொங்கவேண்டும்

கவியின் அப்பா சிவலிங்கம். றப்பர் ஸ்டோரில் பாலை உறையவைத்துத் தகடு தகடாக சீட் அடிக்கிற வேலை. திடகாத்திரமான ஆள். ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது, "உடம்புல சத்தே இல்லீங்க ஐயா, ஒரு சேலைன் ஏத்திவுடுங்க" என்று வந்து நிற்பார். என் அலுமாரியில் அந்தப் போத்தல் கிடையாது. வைத்துக்கொள்ள எனக்கு அனுமதியும் கிடையாது. அதைச் சொன்னால், ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதுபோல அலுமாரியையே பார்ப்பார்.

ஒருநாள் உட்காரவைத்துச் சொன்னேன். சேலைன் என்பது ஒரு மந்திரமும் இல்லை, சிவலிங்கம். உப்புத் தண்ணீர். இரத்தத்தில் இருக்கிற அளவுக்குச் சரியாக உப்புப் போட்ட தண்ணீர். வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்றினால் இரத்தத்தில் இருக்கிற கலங்கள் அதைக் குடித்துக் குடித்து ஊதி வெடித்துவிடும். உப்பு கூடிப்போனால் வற்றிச் சுருங்கிவிடும். அதனால்தான் அளந்து போடுகிறார்கள். வாயால் குடிக்க முடிகிறவனுக்கு வாயை விட நல்ல வழி இல்லை. போய் இரண்டு கோப்பை கஞ்சி குடியுங்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஆஹா, ஒருவனாவது புரிந்துகொண்டான் என்று நினைத்தேன்.

"நீங்க சொல்றது சரிதாங்க ஐயா. ஆனா கஞ்சி குடிச்சவன யாரு பாக்க வர்றா? போத்தல் தொங்கினாத்தான் மச்சான்காரன் தோடம்பழம் வாங்கிக்கிட்டு வருவான்."

சம்பந்தி வீட்டுச் சட்டம்

இனி வயிற்றுப்போக்கு. நாலு நாள் விடாத மழை. லயத்துக்குத் தண்ணீர் வருகிற ஓடையில் கண்டதெல்லாம் கலந்துவிட்டது. இரண்டு நாளில் ஏழு வீட்டில் ஆட்கள் படுத்துவிட்டார்கள். ஜீவனிப் பாக்கெட்டுகளை ஒரு பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு காலை பத்து மணிக்கு நானும் லெச்சுமி அக்காவும் லயத்துக்கு இறங்கினோம். உப்பும் சீனியும் அளந்து கலந்த தூள் அது. ஒரு பாக்கெட்டை ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில் கரைக்கவேண்டும். ஆனால் எங்களுக்கு முன்னாலேயே ராமாயி சட்டம் போட்டுவிட்டிருந்தார்: வயிறு நிற்கும்வரை யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக்கூடாது. ஊற்ற ஊற்றத்தானே போகிறது, ஊற்றாவிட்டால் நின்றுவிடும் என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். இந்த நியாயத்தை நம்பித்தான் பிள்ளைகள் காய்ந்துபோகிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. லெச்சுமி அக்கா இருமுவதற்குள் அடக்கிக்கொண்டு, வாசலில் குந்தி உட்கார்ந்து சொன்னேன். குடலின் சுவர் முழுவதும் கலங்கள்தான். நோய் வந்தால் அதில் பல கதவுகள் கெட்டுப்போகும். ஆனால் ஒரு கதவு மட்டும் கெடாது. அந்தக் கதவுக்கு ஒரு பழக்கம்: உப்பு தனியாக வந்தால் உள்ளே விடாது, சீனி தனியாக வந்தாலும் விடாது. இரண்டும் சேர்ந்து வந்தால் விடும். அவை இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் தானாகப் பின்னால் போகும். வெறும் தண்ணீர் நிற்காமல் போவதும் இந்தத் தண்ணீர் உடம்பில் நிற்பதும் அதனால்தான். ராமாயி தாடையில் கைவைத்து யோசித்தார். பிறகு உள்ளே திரும்பி, அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே விவாதம் அது.

"எங்க சம்பந்தி வீட்டுலயும் இதே சட்டந்தாங்க ஐயா. சீனிப் பாக்கெட் இல்லாமப் போனா வாசலோட நிக்கவேண்டியதுதான்."

ஒரு முழுசு, ஒரு கால்

ஜெயித்த சந்தோஷம் கால் மணித்தியாலம்கூட நிலைக்கவில்லை. ஒரு லீட்டர் என்றால் எவ்வளவு என்று ஒரு பெண் கேட்டார். ஐந்து கோப்பை என்றேன். ஆளுக்கொரு கோப்பையைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒன்று கைக்குள் அடங்கும். இன்னொன்றில் பிள்ளையைக் குளிப்பாட்டலாம். சரி, எல்லா வீட்டிலும் ஒரே அளவில் இருக்கிற போத்தல் ஏதாவது உண்டா என்று கேட்டேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீட்டின் பின்பக்கத்திலிருந்தும் ஒரு சாராயப் போத்தல் வெளியே வந்தது. கொண்டுவந்த ஒவ்வொரு பெண்ணும் அது பக்கத்து வீட்டுப் போத்தல் என்றார்.

சாராயப் போத்தலில் முக்கால் லீட்டர் பிடிக்கும். மீதிக்கு என்ன செய்வது? கால் போத்தல் இருக்கிறதா என்றேன். அதுவும் வந்தது. கணக்குப் போட்டேன்: ஒரு முழுசு, ஒரு கால், அதற்கு மேல் பெரிய மடக்காக ஒரு மடக்கு. எல்லாப் போத்தலையும் கொதிதண்ணீரில் கழுவவைத்தோம். அதுவரை தயங்கிக்கொண்டு தூரத்தில் நின்ற ஆண்கள் எல்லாம் அருகில் வந்துவிட்டார்கள். அவர்கள் ஊற்றிய அழகைப் பார்க்கவேண்டும். ஒரு சொட்டு கூடவில்லை, ஒரு சொட்டு குறையவில்லை. அன்றைக்கு வீட்டில் ஆள் இல்லாமல் பூட்டியிருந்த கதவுகளுக்காகச் சில பாக்கெட்டுகளை ராமாயியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையில் நின்ற ஒருவர் என்னைப் பாதைவரை கொண்டுவந்து விட்டார்.

"லீட்டர் கீட்டர்னு சொல்லாம மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருந்தீங்கன்னா எங்களுக்குப் பாடமே தேவப்பட்டிருக்காதே ஐயா."

கூடுதலாகப் போட்டால் கூடுதல் சுகம்

பூட்டியிருந்த கதவுகளில் ஒன்று சிவலிங்கத்தின் வீடு. அவர் ஸ்டோரில், அவருடைய மனைவி புஷ்பம் மழை சற்று விட்ட நேரம் பார்த்து றப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தார், கவி பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற அறையில். அன்று பின்னேரம் கவிக்கும் வயிறு போகத் தொடங்கியிருக்கிறது. ராமாயி பாக்கெட்டுகளைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டார். போத்தல் கணக்கைச் சொல்லத்தான் மறந்துவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புஷ்பம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வழக்கமாக டிஸ்பென்சரி வாசலிலேயே என்னை வைய ஆரம்பிக்கிற பிள்ளை அது. அன்றைக்குச் சத்தம் இல்லை. கண்கள் குழிவிழுந்து, உதடு வெடித்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்ல மெல்லத்தான் திரும்பியது. கடைசியாக எப்போது சிறுநீர் போனாள் என்று கேட்டேன். நேற்று விளக்கு வைக்கிற நேரம் என்றார். மருந்து கொடுத்தீர்களா? கொடுத்தேன். எப்படி? ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு பாக்கெட்.

"ஏன் இரண்டு?" என்று கத்திவிட்டேன். புஷ்பம் திகைத்துப்போனார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பான கணக்கு. நிர்ணயித்த அளவுக்கு மேல் இரண்டு கிலோ கொழுந்து கூட எடுத்தால் அதற்கு மேல்கூலி உண்டு. "ஒரு பாக்கெட்டுக்கு ஒரு நாள்ல சொகமாவும்னா ரெண்டு போட்டா அர நாள்ல சொகமாவும்னு நெனச்சேங்க ஐயா" என்றார். அவ்வளவு உப்பும் சீனியும் ஒன்றாகக் குடலுக்குள் போனால் தண்ணீர் உள்ளே போகாது. பிள்ளையின் கலங்களில் மிச்சமிருப்பதையும் குடலுக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதைத்தான் அந்தக் கோப்பை இரவு முழுவதும் செய்திருந்தது. எனக்குப் புஷ்பத்தின் மேல் இருந்த கோபம் ஒரு நிமிடத்தில் என் மேல் திரும்பியது. பூட்டிய கதவுகளுக்கு நான்தான் மறுபடி போயிருக்கவேண்டும்.

சிவலிங்கம் ஓடிவந்து, போத்தல் ஏற்றுங்கள் ஐயா, போத்தல் ஏற்றுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை அவர் கேட்டது நியாயம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமென்றால், விடிகாலையில் இரண்டாம் வளைவில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. தோட்டத்து லொறி இந்தப் பக்கம் நின்றது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சரிவைத் தாண்டவும் வழியில்லை. மேலிருந்து இன்னும் மண் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா சிங்களவர். நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்கு நினைவு இருக்கிறதா, விழுங்குகிறாளா, எத்தனை கிலோ என்று கேட்டார். பிறகு, தாய்க்குக் கேட்கும்படி போனைச் சத்தமாக வைக்கச் சொல்லி, தெரிந்த தமிழில் பேசினார்.

"ஒரு பாக்கெட், ஒரு லீட்டர். நிமிசத்துக்கு ஒரு தேக்கரண்டி, நாலு மணித்தியாலம். அவசரப்பட வேணாம், நிப்பாட்ட வேணாம், பாதை தொறந்த ஒடனே கொண்டு வாங்க. ஹரித... சரியா, அம்மா?"

எண்ணிக்கை

சிவலிங்கம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, ஸ்டோரில் இருந்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு வளைவுக்கு ஓடினார். லெச்சுமி அக்கா தண்ணீரை அளந்து கரைத்துவிட்டார். நான் கரண்டியை நீட்டினேன். கவி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கெஞ்சினேன். மிரட்டினேன். கன்னத்தை அமுக்கிப் புகட்டியதை என் சட்டையிலேயே துப்பினாள். இரவெல்லாம் அந்த உப்புக் கரைசலைக் குடித்து வெறுத்துப்போயிருந்த பிள்ளை அது. லெச்சுமி அக்கா பாட்டுப் பாடிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் போனது இரண்டு கரண்டி. பயந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புஷ்பம் கரண்டியை என்னிடமிருந்து வாங்கினார். பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு, "சரி குட்டி, அம்மா பால் வெட்டப் போறேன். வாறியா?" என்றார். கவி கண்ணைத் திறந்தாள். தினமும் விடியற்காலையில் நானும் வருகிறேன் என்று அழுது, பிள்ளைக்காம்பராவில் விடப்படுகிறவள் அவள். ராத்திரி தூங்கப்போகும்போது அம்மா அவளுக்குச் சொல்வது மரங்களின் கதைதானாம். "மொத மரம் யாரு?" என்றார் புஷ்பம். "கோணக்கழுத்து" என்று உதடு அசைந்தது. "ஆமா, கோணக்கழுத்து. இந்தா, பால் தந்திருச்சி." வாய் திறந்தது. ஒரு கரண்டி. "அடுத்தது கல்லு மேல நிக்கிறவ. இந்தா." ஒரு கரண்டி. "அதுக்கங்கிட்டு இடி விழுந்தவரு." ஒரு கரண்டி.

எனக்கு றப்பர் மரம் என்றால் எல்லாம் ஒரே மரம்தான். புஷ்பத்துக்கு அப்படியில்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் பங்கில் ஒவ்வொரு மரமும் எந்த வரிசையில் நிற்கிறது, எது தாராளமாகப் பால் விடும், எது கஞ்சப் பிசினாறி என்று தெரியும். சரிவில் எப்படி ஏறி இறங்குவாரோ அதே வரிசையில் சொல்லிக்கொண்டு போனார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒரு மரம். முப்பத்தோராவது மரத்தில் கவி வாந்தியெடுத்தாள். புஷ்பத்தின் கை நின்றுவிட்டது, என்னைப் பார்த்தார். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்கலாம் என்றேன். அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "மழ வந்திருச்சி குட்டி. வுடட்டும், இருப்போம்" என்றார். மழை விழுந்தால் பால் வெட்டு நிற்கும் என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். பத்து நிமிடம் அம்மாவும் மகளும் அசையாமல் மழை விடக் காத்திருந்தார்கள். பிறகு முப்பத்திரண்டாவது மரம்.

நூறாவது மரம் தாண்டியபோது எனக்குத் தைரியம் வந்தது. மொத்தம் எத்தனை மரம் என்று கேட்டேன். இருநூற்றாறு என்றார். மரத்துக்கு ஐந்து மில்லிலீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஆயிரத்து முப்பது. டாக்டரம்மா சொன்ன லீட்டரும் நாலு மணித்தியாலமும் புஷ்பத்தின் பங்கில் அப்படியே நின்றுகொண்டிருந்தன. தைரியம் வந்தால் என் பழைய வியாதியும் வந்துவிடும். றப்பர் பாலும் கலத்துக்குள்ளேயிருந்துதான் வருகிறது புஷ்பம், மரத்தின் கலங்கள் தண்ணீரை உறிஞ்சி விறைப்பாக இருந்தால்தான் அந்த அழுத்தத்தில் பால் வெளியே... என்று தொடங்கினேன். புஷ்பம் கரண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது எனக்குத் தெரியுமுங்க ஐயா, வெயில் ஏறினா பால் ஓடாது, அதுக்குத்தானே விடிய முந்தி போறோம். நீங்க கொஞ்சம் பேசாம இருங்க, எண்ணிக்க வுட்டுப்போவுது."

வெள்ளைக் கோட்டு

நான் பேசாமல் இருந்தேன். நூற்றைம்பதுக்குப் பிறகு பிள்ளையின் நாக்கில் ஈரம் தெரிந்தது. நூற்றறுபத்தைந்தில் ஒரு மரத்தின் பெயரை அம்மா மாற்றிச் சொல்ல, கவி சிணுங்கித் திருத்தினாள். எல்லாம் நல்ல அறிகுறி. ஆனால் நான் காத்திருந்தது வேறொன்றுக்கு. உடம்பின் கலங்கள் நிறைந்து, மிச்சத்தை வெளியே விடலாம் என்று சிறுநீரகம் முடிவெடுத்தால்தான் எனக்கு நிம்மதி.

நூற்றெழுபதாவது மரத்தில் சிவலிங்கம் தலை முதல் கால்வரை சேற்றோடு வந்து நின்றார். பாதை திறந்துவிட்டது. புஷ்பம் போத்தலையும் கரண்டியையும் எடுத்துக்கொள்ள, லொறிக்குக் கொண்டுபோக நான் கவியை வாரித் தூக்கினேன். நெஞ்சில் சூடாக ஏதோ பரவியது. குனிந்து பார்த்தேன். என் வெள்ளைக் கோட்டு மேலிருந்து கீழ்வரை நனைந்திருந்தது. "வந்துவிட்டது! வந்துவிட்டது!" என்று நான் கத்திய கத்தலில் வாங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். புஷ்பம் வெட்கத்தோடு முந்தானையால் என் கோட்டைத் துடைக்க வந்தார்; விடவில்லை நான். சிவலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, முகம் வெளுத்துப்போய்விட்டது. லெச்சுமி அக்கா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் அவர் முதுகைத் தட்டினார்.

"பயப்புடாதீங்க தம்பி. ஐயாவுக்கு ஒண்ணுமில்ல, புள்ள ஒண்ணுக்குப் போயிருக்கு. அதுக்குத்தான் இந்த ஆட்டம்."

மீதி மரங்கள்

லொறி குலுங்கிக் குலுங்கி இறங்கியது. புஷ்பம் விடவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் கரண்டியில் பாதி சிந்தும். சிந்தினால் அந்த மரத்துக்கே இன்னொரு தடவை. கடைசி மரம் ஆஸ்பத்திரி வாசலில் முடிந்தது. டாக்டரம்மா பிள்ளையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார். கவி அவரை வையத் தொடங்கினாள். சேலைன் ஏற்றத் தேவையில்லை, வாயாலேயே தொடர்ந்து கொடுக்கலாம், ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, இதுவரை எவ்வளவு குடித்தாள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் புஷ்பம் முந்திக்கொண்டார்.

"ஒரு மரங்கூட வுடலீங்க டாக்டர். எரநூத்தி ஆறும் குடிச்சிட்டா."

ஆக, பதினெட்டு வருடச் சேவையில் நான் செய்த ஆகச் சிறந்த வைத்தியம், ஒரு காலைப்பொழுது வாயை மூடிக்கொண்டு கடிகாரம் பார்த்ததுதான்.